டேட்டுக்கு முந்தின வாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடையில் சில கேள்விகள் எப்போதும் தாழ்ந்த குரலில்தான் வரும். பக்கத்தில் ஆண்கள் நின்றால் அதுவும் வராது, சீட்டு மட்டும் நீளும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் வரும் தொந்தரவுகள் பற்றி என்னிடம் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, பார்மசிஸ்ட். மருந்துகளின் பெயரைச் சொல்வது டாக்டர் எழுதியது என்னவென்று உங்களுக்குப் புரிவதற்காக. சீட்டில்லாமல் வந்து கேட்பதற்கு அல்ல.

"அக்கா, டேட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே உடம்பும் மனசும் ஒரு மாதிரி ஆயிடுது. இதுக்குப் பேர்தான் பிஎம்எஸ்ஸா?"

இருக்கலாம். மாதவிடாய்க்கு முன்னால் தொந்தரவுகள் வந்து, ரத்தப்போக்கு தொடங்கிய சில நாளில் தானாக அடங்கி, அடுத்த மாதமும் அதே நேரத்துக்குத் திரும்ப வருவதுதான் பிஎம்எஸ், அதாவது ப்ரீமென்ஸ்ட்ருவல் சிண்ட்ரோம். 28 நாள் சுழற்சி என்றால் சுமாராக 14ஆம் நாள் கருமுட்டை வெளியாகும். அதற்கும் அடுத்த மாதவிடாய்க்கும் இடைப்பட்ட இரண்டு வாரத்துக்குள்தான் இது தலைகாட்டும். கடைசி ஐந்தாறு நாளில் உச்சத்துக்குப் போகும்.

மார்பு லேசாகக் கனப்பது, ஒரு நாள் எரிச்சல், கொஞ்சம் உப்புசம் எல்லாம் பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. அதற்கு நோய்ப் பெயர் வைக்க வேண்டியதில்லை. வேலையையோ படிப்பையோ வீட்டு உறவையோ கெடுக்கும் அளவுக்குப் போகிறதா என்பதுதான் கோடு.

"எதையெல்லாம் இதுல சேர்க்கலாம்? எனக்குத் தலைவலி, என் தங்கச்சிக்கு அழுகை."

இரண்டும் சேரும். உடம்புப் பக்கம் பார்த்தால் மார்பு வலி, வயிறு உப்புசம், கை கால் வீக்கம், தலைவலி, மூட்டு வலி, முகப்பரு, அசதி, மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு. மனப் பக்கம் எரிச்சல், காரணமில்லாத அழுகை, பதற்றம், யாரோடும் பேசப் பிடிக்காமை, எதிலும் கவனம் நிற்காமை. தூக்கமும் பசியும் இரண்டு பக்கத்திலும் சேர்த்தி. பட்டியல் போட ஆரம்பித்தால் நூறைத் தாண்டும் என்பார்கள். அதனால்தான் எந்த அறிகுறி என்பதைவிட எந்த நாள் என்பதை டாக்டர்கள் முக்கியமாகப் பார்க்கிறார்கள். அக்காவுக்கு ஒன்றும் தங்கைக்கு வேறொன்றும் வருவதில் ஆச்சரியமில்லை.

"இதெல்லாம் இப்ப வந்த ஃபேஷன். எங்க காலத்துல யாருக்கு இருந்துச்சு இதெல்லாம்?"

மருமகளுக்கு மாத்திரை வாங்க வந்த ஒரு மாமியார் கேட்டது. மரியாதையான கேள்விதான், பதில் உண்டு. 1931இலேயே நியூயார்க்கில் ராபர்ட் ஃபிராங்க் என்ற மகப்பேறு மருத்துவர் இதைப் பற்றி எழுதிவிட்டார். 1953இல் பிரிட்டனில் ரேமண்ட் கிரீன், கேத்தரினா டால்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் இன்றைய பெயரை வைத்தார்கள். அப்படிப் பார்த்தால் ரொம்பப் பழைய ஃபேஷன்.

இன்னொன்றும் உண்டு. ஏழெட்டுப் பிள்ளை பெற்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடம் பாலூட்டிய ஒரு பாட்டிக்கு, மாதவிடாயே வராத வருடங்கள் எத்தனை என்று கூட்டிப் பாருங்கள். ஒன்றோ இரண்டோ பெற்று நிறுத்தும் இன்றைய பெண் வாழ்நாளில் அதைவிட எவ்வளவோ அதிகமான சுழற்சிகளைக் கடக்கிறாள். பாட்டிக்கு வந்ததையும் யாரும் கேட்கவில்லை என்பது வேறு கதை.

"வயித்து வலிக்கு வாங்குற மாத்திரையே இதுக்கும் போதும்தானே?"

இரண்டும் வேறு. மாதவிடாயின் முதல் ஒன்றிரண்டு நாளில் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும் வலிக்குக் காரணம், கர்ப்பப்பையின் உட்சுவர் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். மெஃபனாமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்றவை அதைக் குறைக்கும். டேட்டுக்கு முன்னால் வரும் தலைவலி, மார்பு வலி, மூட்டு வலிக்கும் இவை ஓரளவு கேட்கும். எரிச்சல், அழுகை, உப்புசத்துக்குப் பெரிதாக உதவும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இவற்றை வெறும் வயிற்றில் போடாதீர்கள். அல்சர், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரை போட்டால் கூடுகிற ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மெஃபனாமிக் அமிலம் மிக அரிதாக ட்ரெஸ் எனப்படும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய பார்மகோபியா ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. மாத்திரை போட்ட சில வாரத்துக்குள் காய்ச்சலோடு தோல் தடித்துச் சிவந்தால் அதை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, பெயர் தெரியாத மாத்திரையை யார் கொடுத்தாலும் விழுங்காதீர்கள். தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகள் சிலவற்றில் மாதவிடாய் வலிக்கென்று உறையோ பெயரோ இல்லாத மாத்திரைகள் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது 2019இல் செய்தியானது. சூப்பர்வைசர் கொடுத்தாலும் அட்டையைப் பார்த்து வாங்குவது உங்கள் உரிமை.

"எனக்கு இருக்கறது இதுதான்னு எப்படி உறுதியாத் தெரிஞ்சுக்கறது? ஏதாவது டெஸ்ட் இருக்கா?"

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் இதைக் காட்டாது. ஒரு நோட்டும் பேனாவும்தான் டெஸ்ட். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று சுழற்சிக்கு, தினமும் இரவு படுக்கும் முன் அன்றைக்கு எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். உங்களை அதிகம் படுத்தும் நாலைந்து தொந்தரவை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க் போட்டால் போதும். ரத்தப்போக்கு இருந்த நாளை வட்டமிடுங்கள். போனில் செயலி இருந்தால் அதுவும் சரி. மளிகைக்கடை கொடுத்த தினசரி காலண்டரும் சரி.

அப்புறம் படிப்பது எளிது. மாதவிடாய்க்கு முந்தைய ஐந்து நாட்களில் தொந்தரவு வந்து, தொடங்கிய நான்கு நாளுக்குள் அடங்கி, நடுவில் நல்ல நாட்கள் இருந்து, இது தொடர்ந்து மூன்று சுழற்சியில் நடந்தால் பிஎம்எஸ் என்று கொள்ளலாம். மகப்பேறு மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் அளவுகோல் இதுதான்.

அன்றன்றைக்கே எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பினால், டேட்டுக்கு முன் வந்த கோபம் மட்டும்தான் நினைவுக்கு வரும். வேறு நாளில் வந்ததெல்லாம் மறந்துபோகும்.

"எழுதிப் பாத்தேன். மாசம் முழுக்கவே மனசு சரியில்ல, அந்த வாரம் மட்டும் இன்னும் மோசம்."

எழுதிப் பார்த்ததன் பலனே இதுதான். நடுவில் நல்ல நாட்களே இல்லையென்றால் வேறு ஏதோ அடியில் இருக்கிறது, டேட் நெருங்கும்போது அது கூடுகிறது. மனச்சோர்வு, பதற்ற நோய், ஒற்றைத் தலைவலி, ஆஸ்துமா, வலிப்பு எல்லாமே சிலருக்கு அந்த வாரத்தில் அதிகமாகும். அப்போது அடியில் இருப்பதற்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

தைராய்டையும் ரத்தசோகையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அசதிக்கும் எரிச்சலுக்கும் அது ஒன்றே போதும்.

"ஹார்மோன் டெஸ்ட் எடுத்தேன், எல்லாம் நார்மல். அப்போ எல்லாம் என் கற்பனைதானா?"

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் சிலர் அழுதிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிஎம்எஸ் உள்ளவர்களின் ஹார்மோன் அளவும் இல்லாதவர்களின் அளவும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஹார்மோன் கூடியதாலோ குறைந்ததாலோ இது வருவதில்லை. இயல்பான ஏற்ற இறக்கத்துக்கே சிலருடைய மூளை அதிகமாக எதிர்வினை காட்டுகிறது. ஒரே பானைக் குழம்புதான், ஒருத்திக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது, பக்கத்தில் இருப்பவள் இன்னொரு கரண்டி கேட்கிறாள்.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் நடந்து 1998இல் வெளியானது. கடுமையான பிஎம்எஸ் உள்ள பெண்களுக்கு மருந்து கொடுத்து சினைப்பையின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பலருக்குத் தொந்தரவு அடங்கியது. அப்புறம் ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்ட்டிரோனையோ இயல்பான அளவில் திரும்பக் கொடுத்தார்கள். அடங்கியது திரும்ப வந்தது. பிஎம்எஸ் இல்லாத பெண்களுக்கும் அதையே செய்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புரோஜெஸ்ட்டிரோன் உடைந்து உருவாகும் அல்லோபிரெக்னனலோன் என்ற பொருள் பொதுவாக மூளையை அமைதிப்படுத்தும். சிலருக்கு அது நேரெதிராக வேலை செய்வதாகத் தெரிகிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரடோனின் என்ற மூளை வேதிப்பொருளும் இதில் சேர்கிறது. ஆக "நார்மல்" என்று வந்த ரிப்போர்ட் உங்களைப் பொய்யாக்கவில்லை. இன்னொரு லேபுக்குப் போய் அதே டெஸ்டுக்குத் திரும்பப் பணம் கட்டாதீர்கள்.

"எங்க அம்மாவும் அந்த நேரத்துல கத்துவாங்க. பரம்பரையா வருமா?"

ஓரளவு வரும். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் மரபுக்கும் பங்குண்டு என்கின்றன. ஆனால் அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் கட்டாயம் வரும் என்றில்லை.

"கல்யாணம் ஆனா சரியாயிடும், ஒரு புள்ள பெத்தா சரியாயிடும்னு சொல்றாங்களே?"

கர்ப்பமாக இருக்கும்போது கருமுட்டை வெளியாவதில்லை. பாலூட்டும் ஆரம்ப மாதங்களிலும் பலருக்கு அப்படித்தான். அதனால் பிஎம்எஸ்ஸும் இருக்காது. சுழற்சி திரும்பியதும் இதுவும் திரும்பும். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் "பெத்ததும் சரியாயிடுச்சு" என்று சொல்லியிருப்பார்கள். கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புது வீடு, புது மனிதர்கள், தூக்கக் குறைவு எல்லாம் சேர்ந்து கூடினாலும் கூடும்.

"எனக்கு பிசிஓடி. டேட் எப்ப வரும்னே தெரியாது. எதை வச்சுக் கணக்குப் போட?"

பின்னாலிருந்து எண்ணுங்கள். தினமும் ஒரு வரி எழுதிக்கொண்டே வந்து, மாதவிடாய் வந்த அன்றைக்குத் திரும்பி முந்தைய இரண்டு வாரத்தைப் பாருங்கள். கருமுட்டை வெளியாகாத சுழற்சிகள் பிசிஓடியில் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) சகஜம். அந்த மாதங்களில் பிஎம்எஸ்ஸுக்கான அடிப்படையே இருக்காது. அப்போதும் அதே எரிச்சல் இருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். வயதுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு வருடத்தில் இருக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இந்தப் பதில் பொருந்தும்.

"உப்பு, காபி, இனிப்பு எல்லாத்தையும் நிறுத்தணுமா? அந்த வாரம்தான் சாக்லேட்டே கேக்குது."

நிறுத்த வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் ஆகியவற்றை அந்த ஒரு வாரம் குறைத்துப் பாருங்கள், உப்புசத்துக்கு உதவலாம். காபியால்தான் பிஎம்எஸ் வருகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. ஆனால் சாயங்காலத்துக்கு மேல் குடிக்கும் காபி தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் எல்லாமே இரட்டிப்பாகத் தெரியும். காலை டிகிரி காபியைப் பறிக்க எனக்கு மனசில்லை, மாலைக் காபியை மட்டும் விடுங்கள்.

இனிப்பு கேட்பது பலருக்கும் உண்டு. பசியை நீளவிடாமல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சுண்டல், நிலக்கடலை, பழம் என்று ஏதாவது சாப்பிட்டால் அந்த வெறி தணியும். அதற்கு மேல் ஒரு துண்டு சாக்லேட் சாப்பிட்டால் குற்றமில்லை.

"கால்சியம் மாத்திரை இதுக்கு நல்லதாமே? கேழ்வரகு சாப்பிட்டாப் போதாதா?"

கடையில் கிடைக்கும் சத்து மாத்திரைகளில் ஓரளவு நம்பத் தகுந்த ஆதாரம் கால்சியத்துக்குத்தான் இருக்கிறது. 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் எடுத்தவர்களுக்கு மூன்றாவது சுழற்சியில் தொந்தரவு சுமார் 48 சதவீதம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தில்லாத வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களுக்கே 30 சதவீதம் குறைந்தது என்பதையும் சேர்த்தே படியுங்கள். பலன் உண்டு, மாயம் இல்லை. மூன்று மாதமாவது பார்க்க வேண்டும்.

உணவிலிருந்து கிடைத்தால் அதுதான் முதலில். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மில்லிகிராம், ஒரு டம்ளர் பாலில் 230 அல்லது 240. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவற்றிலும் நிறைய உண்டு. ஒரு நாளில் கேழ்வரகுக் களியோ அடையோ, இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர், ஒரு கீரை என்று வந்தால் தேவையில் பெரும்பகுதி முடிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெண்களுக்குச் சொல்லும் தினசரி அளவே 1,000 மில்லிகிராம்தான்.

மாத்திரை வாங்கினால் அட்டையை நன்றாகப் படியுங்கள். 1,250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று போட்டிருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500தான். சாப்பாட்டோடு போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக ஏறாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

"பி6, ப்ரிம்ரோஸ் ஆயில், அப்புறம் நொச்சி... இதெல்லாம் வேலை செய்யுமா?"

பி6 கொஞ்சம் உதவலாம், ஆதாரம் பலவீனம். தினம் 100 மில்லிகிராமைத் தாண்டி மாதக்கணக்கில் போட்டால் நரம்பு பாதிக்கலாம், கை கால் மரத்துப்போகலாம். சத்து மாத்திரைதானே என்று இரண்டு மூன்று அட்டைகளைச் சேர்த்துப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது.

ப்ரிம்ரோஸ் எண்ணெய் விலை அதிகம், பலன் குறைவு. பிரிட்டனில் மார்பு வலிக்கு அதற்குக் கொடுத்திருந்த உரிமத்தை 2002இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். விற்கிற நானே சொல்கிறேன், கேட்காமல் வாங்காதீர்கள்.

நொச்சியைப் பற்றிய குழப்பம் இணையத்திலிருந்து வருவது. ஐரோப்பாவில் பிஎம்எஸ்ஸுக்குப் பயன்படுவது வைடெக்ஸ் அக்னஸ்-காஸ்டஸ் என்ற செடியின் கனி. நம் வேலியோரம் வளர்வது வைடெக்ஸ் நெகுண்டோ. ஒரே குடும்பம், வேறு செடி. நொச்சியில் ஆவி பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"உடம்பே முடியல, இதுல எக்சர்சைஸ் வேறயா?"

முடியாத வாரத்தில் தொடங்கச் சொல்லவில்லை. முடிகிற மூன்று வாரத்தில் வேகமான நடையோ சைக்கிளோ நீச்சலோ பழக்கமாகிவிட்டால் அந்த வாரமும் இலகுவாகும். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் போதும். யோகாவும் பலருக்கு உதவுகிறது. நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேனே என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அவர்களுக்கு நடையைவிட முதலில் தேவை ஓய்வாக இருக்கலாம்.

"மார்பு கனத்து, தொட்டாலே வலிக்குது. கட்டியா இருக்குமோன்னு பயம்."

டேட்டுக்கு முன் இரண்டு மார்பிலும் வந்து, மாதவிடாய் தொடங்கியதும் குறைகிற வலி பெரும்பாலும் சுழற்சியோடு வருவதுதான். சரியான அளவில், நன்றாகத் தாங்கும் உள்ளாடை அணிந்தாலே பலருக்கு வலி குறையும். தடவிப் பார்ப்பதென்றால் மாதவிடாய் முடிந்த வாரத்தில் பாருங்கள். முந்தைய வாரத்தில் எல்லாமே கட்டி மாதிரித்தான் தெரியும்.

மாதவிடாய் முடிந்த பின்னும் இருக்கிற கட்டி, ஒரே இடத்தில் நிற்கும் வலி, காம்பிலிருந்து ரத்தம் கலந்த கசிவு, தோலில் குழி விழுவது, அக்குளில் கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த டேட்டுக்குக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

"கோயில் விசேஷத்துக்குத் தள்ளிப்போட மாத்திரை போட்டேன். அந்தப் பத்து நாளும் பிசாசு மாதிரி இருந்தேன்."

அது நோரெதிஸ்டெரோன், புரோஜெஸ்ட்டிரோன் வகை மருந்து. டேட்டுக்கு மூன்று நாள் முன்பு தொடங்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் மாதவிடாய் தள்ளிப்போகும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும். ஹார்மோனுக்கு எதிர்வினை காட்டுகிற மூளைக்கு இந்த மாத்திரையும் ஒரு ஹார்மோன்தான். உப்புசம், மார்பு வலி, எரிச்சல் வருவது இதன் தெரிந்த பக்கவிளைவு. உங்கள் மேல் தப்பில்லை.

ஆடி, தை மாதங்களில் கடைக்கு வருகிறவர்களில் பலர் இதைச் சீட்டில்லாமல் கேட்கிறார்கள். ரத்தக்கட்டு வந்தவர்கள், கண்ணில் வெளிச்சம் பளிச்சிட்டு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் இதைப் போடவே கூடாது. வருடத்தில் ஒருமுறை தங்கை கல்யாணத்துக்கு என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். விசேஷத்துக்கு விசேஷம் என்றால் வேண்டாம்.

"டாக்டர் டிப்ரஷன் மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு. நான் என்ன பைத்தியமா?"

சீட்டில் செர்ட்ரலின், ஃபுளுவோக்செடின், எஸ்சிட்டாலோபிராம் மாதிரிப் பெயர் பார்த்ததும் பலர் மருந்து வாங்காமலே திரும்பிவிடுகிறார்கள். எஸ்எஸ்ஆர்ஐ என்ற இந்த வகை செரடோனின் மேல் வேலை செய்கிறது. கடுமையான பிஎம்எஸ்ஸுக்கு இருக்கும் மருந்துகளில் ஆதாரம் மிக வலுவானது இதற்குத்தான். மனச்சோர்வுக்குக் கொடுத்தால் பலன் தெரிய வாரங்கள் ஆகும். பிஎம்எஸ்ஸில் சில நாளிலேயே தெரியும். அதனால்தான் மாதம் முழுக்க இல்லாமல் டேட்டுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் போடும் முறையும் இருக்கிறது. இந்த வேறுபாடே சொல்லிவிடும், இது மனச்சோர்வுக்கான வைத்தியத்தின் நகல் அல்ல.

முதல் நாட்களில் குமட்டல், தூக்கக் கலக்கம் வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். தாம்பத்திய விருப்பம் குறைவதும் உண்டு. அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். தினமும் போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு சிபிடி எனப்படும் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. ஃபுளுவோக்செடினோடு ஒப்பிட்ட ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் மருந்து வேகமாகப் பலன் தந்தது. சிபிடியின் பலன் நிறுத்திய பின்னும் நின்றது.

"கர்ப்பத்தடை மாத்திரை போட்டா சரியாகுமாம். எனக்குக் கல்யாணமே ஆகலையே?"

கல்யாணத்துக்கும் மாத்திரைக்கும் முடிச்சுப் போட வேண்டாம், இங்கே அது சுழற்சியை நிறுத்தும் மருந்து, அவ்வளவுதான். ஈஸ்ட்ரோஜனும் டிரோஸ்பைரினோனும் சேர்ந்த, 24 நாள் மருந்தும் 4 நாள் வெறும் மாத்திரையுமாக வரும் வகைக்குத்தான் ஆதாரம் அதிகம். பிஎம்எஸ்ஸைவிடக் கடுமையான பிஎம்டிடி என்ற நிலைக்கு (அடுத்த பதிலில் வருகிறது) அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெற்றது அது. வேறு வகைகள் சிலருக்கு உதவும், சிலருக்கு மனநிலையைக் கெடுக்கும்.

அரசு மருத்துவமனையில் கிடைக்கும் சாயா என்ற கர்ப்பத்தடை மாத்திரை கருமுட்டை வெளியாவதைத் தடுப்பதில்லை, ஆகவே இதற்கு உதவாது. அவசர கர்ப்பத்தடை மாத்திரையை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். ரத்த அழுத்தம், ரத்தக்கட்டு, கண்ணில் வெளிச்சம் பளிச்சிட்டு வரும் ஒற்றைத் தலைவலி, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் இருந்தால் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை ஆபத்து.

"அந்த நாலு நாள் செத்துடலாம் போல இருக்கு. டேட் வந்த அடுத்த நாளே 'நானா அப்படி நெனச்சேன்'னு இருக்கு."

இது பிஎம்எஸ்ஸைத் தாண்டிய நிலையாக இருக்கலாம். பிஎம்டிடி என்று பெயர். மாதவிடாய் வரும் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 3 முதல் 8 பேருக்கு இருப்பதாகக் கணக்கு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு 2013இல் இதைத் தனி நோயாகவே சேர்த்துவிட்டது. மேலே சொன்ன எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகளும் சிபிடியும் பெரும்பாலும் இதற்காகத்தான். அதுவும் கேட்காதபோது சினைப்பையை அடக்கும் ஊசி வரை வைத்தியம் இருக்கிறது.

டேட் வந்ததும் சரியாகிவிடுகிறது என்பதால் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் இதில் உள்ள கண்ணி. எண்ணம் போய்விட்ட நல்ல நாளிலேயே மனநல மருத்துவரையோ மகப்பேறு மருத்துவரையோ பார்க்கத் தேதி வாங்குங்கள். எண்ணம் இருக்கும்போது தனியாக இருக்காதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104, இரண்டுக்கும் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். வீட்டில் ஒருவருக்காவது எந்த நாட்கள் ஆபத்தானவை என்று தெரிந்திருக்கட்டும், மாத்திரைகளை அவர் கையில் கொடுத்து வையுங்கள்.

"மேடம், என் வைஃப் அந்த டைம்ல எதுக்கெடுத்தாலும் சண்டை. நான் என்ன செய்யணும்?"

கேட்க வந்ததற்கே பாராட்டு. முதலில் ஒன்றைச் செய்யாதீர்கள், சண்டை நடுவில் "டேட் வரப்போகுதா?" என்று கேட்பது. உண்மையாகவே இருந்தாலும், அவர் சொல்லவந்த விஷயத்தைத் தள்ளிவிடும் வார்த்தை அது. அமைதியான வாரத்தில் உட்கார்ந்து, காலண்டரில் அந்த நாட்களை அவரையே குறிக்கச் சொல்லுங்கள். அந்த வாரம் இரவுச் சமையலையோ பிள்ளைகளின் ஹோம்வொர்க்கையோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி, கடன், நிலம் பற்றிய பேச்செல்லாம் அடுத்த வாரத்துக்குப் போகட்டும்.

ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். அந்த வாரம் கத்திச் சொல்கிற குறையை மற்ற மூன்று வாரமும் மெதுவாகச் சொல்கிறாரா? அப்படியென்றால் குறை நிஜம், கூடியது சத்தம் மட்டும்தான். அதற்கு என் கடையில் மாத்திரை இல்லை. அதே சமயம், கையில் கிடைத்ததை வீசுவதும் பிள்ளையை அடிப்பதும் இருந்தால் பொறுத்துப்போவது உதவி ஆகாது, இருவருமாக டாக்டரைப் பாருங்கள்.

"கர்ப்பப்பையை எடுத்து மூணு வருஷமாச்சு. பீரியட்ஸே கிடையாது. ஆனா மாசாமாசம் அதே எரிச்சல், அதே மார்பு வலி. எப்படி?"

கர்ப்பப்பையை மட்டும் எடுத்து சினைப்பையை விட்டிருப்பார்கள். சுழற்சியை ஓட்டுவது சினைப்பை. ரத்தப்போக்கு என்ற அடையாளம் போய்விட்டது, சுழற்சி போகவில்லை. வட்டமிட நாள் இல்லாததால் முன்னே சொன்ன நோட்டை நீங்கள் மூன்று மாதத்துக்காவது எழுத வேண்டும். தொந்தரவு வந்து போகும் ஒழுங்கு அதில் தெரிந்துவிடும். வைத்தியம் மற்றவர்களுக்கு உள்ளதுதான்.

இதைப் படிக்கும் இன்னும் எடுக்காதவர்களுக்கு: பிஎம்எஸ்ஸுக்காகக் கர்ப்பப்பையை மட்டும் எடுப்பது தீர்வு ஆகாது. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பது இந்தியாவில் பெரிய பிரச்சினை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்கு நடந்தது 2019இல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2023இல் உச்ச நீதிமன்றமே இதற்கான வழிகாட்டு நெறிகளை நடைமுறைப்படுத்தும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எடுக்கச் சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

"வயசு 44. இத்தனை வருஷம் இல்லாதது இப்ப வந்து ஆட்டுதே?"

மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களில் ஹார்மோன்கள் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும், பலருக்கு இது அப்போதுதான் கூடும். வேர்த்துக் கொட்டுவது, நடுராத்திரி விழிப்பு, டேட் முன்பின்னாவது சேர்ந்திருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள், மருந்து மாறும். முழுவதும் நின்ற பின் பிஎம்எஸ்ஸும் நின்றுவிடும். ஆனால் ஒரு வருடம் நின்று, அப்புறம் ரத்தம் பட்டால் அது மாதவிடாய் இல்லை. உடனே காட்ட வேண்டும்.

"சரி, எந்த டாக்டர்கிட்ட போறது? போய் என்னன்னு சொல்றது?"

உடம்புத் தொந்தரவு அதிகமென்றால் மகப்பேறு மருத்துவர். மனத் தொந்தரவு அதிகமென்றால் மனநல மருத்துவர். இரண்டும் தூரமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். "பீரியட்ஸுக்கு முன்னாடி ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால் சத்து மாத்திரையோடு இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். நோட்டை நீட்டி, "இந்த நாள்லேர்ந்து இந்த நாள் வரைக்கும் இப்படி, மத்த நாள் நல்லா இருக்கேன், இதனால இந்த வேலை கெட்டுச்சு" என்று சொல்லுங்கள். இப்போது போடும் மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும், நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரு கவரில் எடுத்துப் போங்கள்.